அக்காள் உட்காராத பெஞ்சு

எழுதத் துணிந்ததற்காக முதலில் உறவினர்களிடமும் சபையாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மிஷன் பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுவிட்டுத் தலை குனிந்துகொள்வேன். அக்காளின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்குப் படித்தவர்கள் யாராவது எழுதுவார்களா என்று கேட்டுப்பார்த்தோம். ஒப்புக்கொண்ட இருவருமே அக்காளின் பொறுமையைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார்கள். அக்காளுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே நானே எழுதுகிறேன்.

இதில் ஒருவரை மேஸ்திரியார் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். பெயர் வேண்டாம். இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகும். மரியாதை விகுதி போட்டு எழுதுவது மலருக்காக.

அக்காள் பிறந்தது பள்ளிகொண்டாவுக்கு அருகே, பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். மழை பொய்த்து ஊர் காலியானபோது எங்கள் வீடும் ஆம்பூருக்கு நடந்து வந்தது. அங்கே தோல் கிடங்குகளில் வேலை இருந்தது. நாற்றமும் இருந்தது. முதல் நாள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாராம். அப்பா, "சோத்து வாசன ஜாஸ்தியானா இந்த வாசன கம்மியாயிடும்" என்றாராம். இதை அக்காள் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அங்கேதான் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். நான் பிறந்ததும் அங்கேதான்.

ஒரு கோடையில் வாந்திபேதி வந்து அம்மாவையும் அப்பாவையும் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அக்காளுக்கு அப்போதுதான் கலியாணமாகியிருந்தது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் குடித்தனம் ஆரம்பித்தார். அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நான்தான் பிள்ளை.

அக்காளின் வேலை, சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கட்டைமேல் விரித்து மயிர் களைவது. அந்த வேலை செய்தவர்களின் விரல் நுனியில் ரேகை தங்காது. மாமா சுண்ணாம்புக் குழிகளில் கிடக்கும் தோல்களைப் புரட்டிப் போடுகிறவர். அந்தக் குழிகளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியின் மேலும் கனத்த பலகைகள் கிடக்கும். வேலையாட்கள் அந்தப் பலகைகளின் மேலேயே நடந்து போவார்கள், வருவார்கள். பழகின கால் கீழே பார்க்காது.

மாமா முன்னே குடித்தவர், மறைப்பதற்கில்லை. ஓர் அறுப்பின் பண்டிகை நாளில் சபைக்கு முன்பாக எழுந்து நின்று, இனித் தொடமாட்டேன் என்று கையை உயர்த்திச் சொன்னார். சொன்னபடி நின்றார். நாக்கு கேட்கும்போதெல்லாம் ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். வேட்டி மடியில் எப்போதும் வெல்லம் இருக்கும். எறும்பு ஏறும். "எம் புருசன எறும்பு தின்னாலும் தின்னட்டும், சாராயம் தின்னக்கூடாது" என்பார் அக்காள்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மேஸ்திரியாரின் மகனுக்குக் கலியாணம் நடந்தது. மேஸ்திரியார் அந்தக் கிடங்குக்குத் தலைவர், சபையிலும் மூப்பர். பந்தியில் உட்காரப் பலகைகளைக் கல்லின்மேல் வைத்து, மேலே துணி விரித்திருந்தார்கள். நான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். சற்று நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. பார்த்தால் வெள்ளை. அக்காள் என்னைத் தொட்டிக்கு இழுத்துப்போய்க் கையைக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவினார்.

"கலியாணப் பெஞ்சுல ஏதுடி சுண்ணாம்பு?" என்று துணியைத் தூக்கிப் பலகையின் அடியில் பார்த்தார். பிறகு மாமாவிடம், "இன்னாய்யா இது, குழிப்பலகைய இல்ல கொண்டாந்து போட்டிருக்காங்க" என்றார்.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் சிலர் பானையைச் சுற்றி உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாய்யா, இன்னிக்கு ஒரு நாளு. ஆண்டவரே கலியாண வூட்ல திராட்சரசம் பண்ணிக் குடுத்தாரு."

"அவரு தண்ணிய ரசமாக்கினாரு. நீங்க சம்பளத்த இல்ல தண்ணியாக்குறீங்க" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அக்காளிடம் வந்து மெதுவாக, "கெளம்பலாம்மே. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா என் வாய் எம் பேச்சக் கேக்காது" என்றார். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார். பாயசம் வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். எனக்கு அதில் கோபம்கூட.

அன்றிரவு மழை. மறுநாள் விடியும் முன் மாமா வேலைக்குப் போனார். அரையிருட்டில் குழியின்மேல் படிந்திருந்த சுண்ணாம்பு ஏடு தரைபோலத் தெரிந்திருக்கும். பலகை இருக்கும் என்று கால் நம்பியது. பலகைகள் கலியாண வீட்டில் இருந்தன.

தூக்கி எடுத்தபோது உயிர் இருந்தது. இரண்டு நாள் இருந்தது. கண் போய்விட்டது. பேசவில்லை. அவர் வேட்டியை அவிழ்த்துக் கழுவியபோது மடியில் பாதி கரைந்த வெல்லக்கட்டி இருந்தது. அக்காள் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

கிடங்கு முதலாளியான பெரிய சாயபு வந்து பார்ப்பதற்குள் அந்தக் குழியின்மேல் வேறு பலகைகள் போடப்பட்டுவிட்டன. மேஸ்திரியார், "கலியாணத்துல குடிச்சிட்டு, தெளியாம வேலைக்கு வந்து, ஓரத்துல வழுக்கி வுழுந்துட்டான்" என்றார். பலகைகளைத் தூக்கிப்போன ஆட்கள் நாலு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும்.

முதலாளி நம்பினார். சபையும் நம்பியது. முன்னே குடித்தவர்தானே. சபைக்கு முன் சொன்ன பொருத்தனையை முறித்துக் குடித்துச் செத்தவரின் சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவரக்கூடாது என்று மூப்பர்கள் தீர்மானித்தார்கள். அந்தக் கூட்டத்தில் மேஸ்திரியாரும் இருந்தார். மணி அடிக்கவில்லை. தெருவிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம். அக்காள் அழவில்லை. மண் போடும்போது என் கையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்களாக நின்றார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மேஸ்திரியார், மகனுடைய கலியாணம் நல்லபடி முடிந்ததற்கு ஸ்தோத்திரமாகக் கோயிலுக்கு ஒரு நீளப் பெஞ்சு கொடுத்தார். மேலே இழைத்து எண்ணெய் பூசியிருந்தது. அக்காள் ஆராதனை முடிந்ததும் குனிந்து அடியில் பார்த்தார். அடிப்பக்கத்தை இழைக்கவில்லை, சுண்ணாம்பின் வெள்ளை அப்படியே இருந்தது.

போதகர் ஐயாவிடம் போய், "அந்தப் பெஞ்சக் கவுத்துப் பாருங்கய்யா" என்றார். ஐயா நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். "காணிக்கையா வந்தத கவுத்துப் பாக்கக்கூடாதும்மா" என்றார்.

அதன்பிறகு அக்காள் வாழ்ந்த வாழ்க்கையை உறவினர்கள் அறிவார்கள். கிடங்கில் எல்லாரும் மேஸ்திரியாருக்கு "ஸ்தோத்திரம்" சொல்வார்கள். அக்காள் மட்டும், "பலக பத்திரமா இருக்குதா மேஸ்திரியாரே?" என்பார். தினம் காலையில், முகத்தைப் பார்த்து. மயிர் களையும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். மேஸ்திரியார் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்களே.

கோயிலில் அக்காள் அந்தப் பெஞ்சுக்கு நேர் முன்னால் தரையில் பாய் விரித்து உட்காருவார். முழங்கால் வலித்த வயதிலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அக்காளுக்குப் பெரிய குரல். கர்த்தருடைய ஜெபத்தைச் சபை சொல்லும்போது அவர் குரல்தான் முன்னே போகும், மற்றவர்கள் பின்னே போவார்கள். பிறருடைய தப்பை நாம் மன்னிப்பதாகச் சொல்லும் அந்த வரி வந்ததும் அக்காள் வாயை மூடிக்கொள்வார். திடீரென்று சபையின் குரல் பாதியாகிவிடும். அந்த வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார். வருடக்கணக்காக, ஒவ்வொரு ஞாயிறும், எல்லாரும் அந்த ஓட்டையைக் கேட்டார்கள். மேஸ்திரியாரும் கேட்டார்.

அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனத்துக்கு முன்னால் சனிக்கிழமை ஆயத்த ஆராதனையில் பெயர் கொடுக்கவேண்டும். யார்மேலாவது பகை உண்டா என்று போதகர் கேட்பார். உண்டு என்றால் மேசைக்கு வரக்கூடாது. பகையை மடியில் கட்டிக்கொண்டு இல்லை என்று சொல்லி வந்தவர்கள் நம் சபையில் எத்தனையோ பேர். அக்காள் பெயர் கொடுத்ததே இல்லை. "பொய் சொல்லிட்டு அந்த அப்பத்தத் தின்னா அது தொண்டையிலயே நின்னுடும்" என்பார். மாமாவைக் கொன்றவர் முன்வரிசையில் நின்று அப்பம் வாங்கினார். உண்மை சொன்ன அக்காள் கதவருகே நின்றார்.

போதகர் ஐயா ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"மன்னிச்சிடும்மா. நம்ம ஆண்டவர் மன்னிக்கலையா?"

"அவர குடிகாரன்னு சொல்லிப் பொதைக்கலயே ஐயா."

ஐயா அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவரையும் ஊரு அப்படித்தாம்மா பேசிச்சு. குடிகாரன்னுதான் சொன்னாங்க" என்றார்.

அக்காள் எழுந்து ஐயாவை வாசல்வரை கொண்டுவிட்டார். ஐயா போனபிறகு, "நெசமாவாடி? உன் வேத புஸ்தகத்துல பாரு" என்றார். நான் தேடி வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். ஆனாலும் அந்த ஞாயிறு வாயைத் திறக்கவில்லை. "அவன் புள்ளையையும் இப்படித் தூக்கினு வர்ற நாள நான் பாக்கணும். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றார். அந்தப் பிள்ளைமீது எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் வேண்டிக்கொண்டோம். நானும் வேண்டிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது.

சீமையில் பெரிய சண்டை நடந்த காலம். தோலுக்குக் கிராக்கி, கிடங்கு நிரம்பி வழிந்தது. மேஸ்திரியாருக்கு வயதாகி, மகன் சின்ன மேஸ்திரியாக இருந்தார். அந்த மகன் குடிப்பார், ஊரறிந்தது. ஒருநாள் பகலில், வந்து குவிந்த தோலை அடுக்கி வைக்க இடமில்லாமல், ஒரு குழியின் பலகைகளை எடுத்துத் தோலுக்கு அடியில் போட்டிருந்தார்கள். மகன் ஆட்களை விரட்டிக்கொண்டே நடந்துவந்து அந்தக் குழிக்குள் விழுந்தார்.

பக்கத்துக் கட்டையில் அக்காள் இருந்தார். தோல் தூக்கும் கொக்கிக் கழியை எடுத்து அவர் சட்டையில் மாட்டி, இன்னொரு பெண்ணையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இழுத்து மேலே போட்டார். தலையை மடியில் வைத்துக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி முகத்தைக் கழுவினார். "அப்ப ஒண்ணும் யோசிக்கலடி. யோசிச்சிருந்தா இன்னா செஞ்சிருப்பேனோ" என்று பிறகு சொன்னார்.

யோசிக்கவேண்டிய நேரம் அதற்கப்புறம் வந்தது. பெரிய சாயபு காலமாகி அவர் மகன் முதலாளியாக இருந்தார். ஓடிவந்தவர், "குடிச்சிட்டு வந்தானா?" என்று கத்தினார். கூடிநின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். "எப்பவும் குடிக்கிறவன்தானே" என்று ஒருவர் சொன்னார். மேஸ்திரியார் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தன் மகன் குடிக்கவில்லை என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

முதலாளி அக்காளைப் பார்த்தார். "மடியில வெச்சிருந்தது நீதான். மூச்சு வாசன உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ பொய் பேசமாட்டே. குடிச்சிருந்தான்னா இனி அப்பன், புள்ள ரெண்டு பேரும் இந்த வாசல்ல கால் வெக்கக்கூடாது. சொல்லு."

அப்போது எனக்கும் அந்தக் கிடங்கில்தான் வேலை. நான் ஆவாரம்பட்டைக் குவியலருகே நின்றிருந்தேன். என் நெஞ்சு, சொல்லு சொல்லு, ஆமா என்று சொல்லு என்று அடித்துக்கொண்டது. ஒரே வார்த்தை. அதே கிடங்கு, அதே பொய், அதே வீடு. இதைவிடச் சரியாக யாரும் அளந்து கொடுக்கமுடியாது. மேஸ்திரியார் அக்காளைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் பார்க்கிறேன். பிழைக்க வழியில்லை என்று தெரிந்தவரின் பார்வை. நன்றாக இருந்தது எனக்கு.

"குடிக்கல சாயபு" என்றார் அக்காள். "வாசன இல்ல. குழிமேல பலக இல்ல. பலக இல்லாத எடத்துல யார் நடந்தாலும் வுழுவாங்க." பிறகு மேஸ்திரியாரிடம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, "அன்னைக்கும் அப்படித்தான்" என்றார்.

முதலாளிக்கு அது புரியவில்லை. மேஸ்திரியார் தலை குனிந்து நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மகன் பிழைத்தார். ஒரு கால் மட்டும் நேராகவில்லை. வேலை நிலைத்தது.

அன்று வீட்டுக்கு வந்து அக்காள் அழுதார். மாமாவுக்காக அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "நாக்கு நுனிக்கு வந்துடுச்சுடி, ஆமாங்குற வார்த்த. உங்க மாமாவுக்குச் சாராயம் இப்படித்தான் வந்து நின்னிருக்கும் போல" என்றார். துணியில் முடிந்து வைத்திருந்த வெல்லக்கட்டியை எடுத்தார். அது கறுத்துக் கல்லாகிப்போயிருந்தது. வாயில் போட்டுக்கொள்வாரோ என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முடிந்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு அந்த வரி வந்தபோது அக்காளின் குரல் நிற்கவில்லை. மற்றவர்களின் குரல்தான் நின்றுவிட்டது. அந்த வரியை அவர் தனியாகச் சொன்னார். அடுத்த இராப்போஜனத்துக்குப் பெயரும் கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கலயே. நீ எப்படிக்கா மன்னிப்பே?" என்று சண்டை போட்டேன்.

"அவன் வருவான் வருவான்னு வாசல்லயே ஒக்காந்து எனக்கு வயசாயிடுச்சுடி. நான் உள்ள போறேன். அவன் எப்ப வேணா வரட்டும்."

"அப்ப அந்தப் பெஞ்சுல ஒக்காருவியா?"

"மன்னிச்சிட்டேன்னுதான் சொன்னேன். அதுல ஒக்காருவேன்னா சொன்னேன்? போடி."

கடைசிக் காலத்தில் அக்காளுக்கு நீர் கோத்துக் கால் வீங்கிற்று. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பிவந்தோம். படுக்கையிலும் குரல் மட்டும் இளைக்கவில்லை. சாகும் வாரத்தில் என்னிடம், "நீ இன்னும் வாசல்லயே ஒக்காந்திருக்கே" என்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அடங்கிவிட்டார்.

பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோனோம். மணி அடித்தது. பெட்டியை வைக்க எப்போதும் இரண்டு முக்காலி போடுவார்கள். நான், வாழ்நாளில் சபை நடுவே வாய் திறக்காதவள், எழுந்து நின்று, "முக்காலி வேணாம். அந்தப் பெஞ்சக் கொண்டாங்க" என்றேன். அக்காள் மன்னித்துவிட்டார். நான் மன்னித்ததாக யாரிடமும் சொல்லவில்லை.

பாய்களின் நடுவே நேராகக் கொண்டுவர இடமில்லாமல் பெஞ்சை ஒருக்களித்துத் தூக்கினார்கள். அதன் அடிப்பக்கம் சபையைப் பார்த்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வெள்ளை. சுண்ணாம்பு தின்ற மரம் தோல் கிடங்கு ஊரில் யாருக்குத் தெரியாது? ஒருவர் பின் ஒருவராகப் பேச்சு அடங்கியது.

முன்வரிசையில் மேஸ்திரியார் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"அதும்மேல வெக்காதீங்க" என்றார்.

பெட்டி தோளிலேயே நின்றது.

"குழிப்பலக அது. எம் பையன் கலியாணத்துக்கு நான்தான் எடுத்தேன். சாங்காலமே திருப்பிப் போட்டுடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன். அவன் குடிக்கல. இவ புருசன் குடிக்கவேயில்ல."

மகன் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. தன்னைக் குழியிலிருந்து தூக்கியவரின் கணவர் செத்தது தன் கலியாணப் பலகையால் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நொண்டிக்கொண்டே வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

போதகர் ஐயா என்னைப் பார்த்து, "எங்கம்மா வெக்கிறது?" என்றார்.

"பாயில வையுங்க. அக்கா எப்பவும் பாயிலதான் ஒக்காருவாங்க" என்றேன்.

மாமாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தது. அங்கே கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். அந்த வரி வந்தது. என் வாய் திறக்கவில்லை. அதே இடத்தில் எனக்கு எதிரே மேஸ்திரியாரின் குரலும் நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல அவருக்குத் தைரியமில்லை. போதகரும் நிறுத்திவிட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். அக்காள் எத்தனை வருடம் இப்படி நின்றார் என்று நினைத்துக்கொண்டேன். கால் வலித்தது. நான் அந்த வரியைச் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் சொன்னார்.

அக்காளின் வியாதியில் இரவும் பகலும் உடனிருந்த தெருப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரி செல்ல வண்டி கொடுத்த சாயபு வீட்டாருக்கும், மயிர் களையும் கட்டையில் அக்காளோடு வேலை செய்து, பெட்டிக்குப் பூ கட்டிக் கொடுத்த தோழியருக்கும், மாமாவின் பெயரையும் சேர்த்து வாசித்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி செலுத்துகிறேன். இதைச் சபையில் சொல்லியிருக்கவேண்டும். பேச வராததால் அச்சில் சொல்கிறேன்.

அடக்கம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மேஸ்திரியாரின் மகன் அந்தப் பெஞ்சைக் கிடங்குக்குக் கொண்டுபோய், கால்களைக் கழற்றிவிட்டு, பலகைகளைச் சுண்ணாம்புக் குழியின்மேல் போட்டார்.